கூடத்துக்கு நடுவுல ஒரு பலகை

பலகையில டிசைன் வெட்டுற சி.என்.சி மிஷினுக்குக் கோடு போட்டுக் குடுக்குற தொழில்ல ரெண்டே கஷ்டம்தாங்க: ஒண்ணு கோடு, இன்னொண்ணு அந்தக் கோட்டுக்குப் படம் கொண்டு வர்ற ஆளு. கோட்டைக்கூட இழுத்துப் புடிச்சு சரி பண்ணிடலாம்.

நம்ம கடை அய்யம்பேட்டை தாண்டி ரோட்டோரத்துல. முதலாளி ஹாஜா பாய். நானும் அவரும் சார்ஜாவுல ஒரே விளம்பர போர்டு கடையில கெடந்தோம். நான் எட்டாவதுல ரெண்டு தடவை உக்காந்தவன். அங்க பலகை தூக்கத்தான் போனேன். டிசைன் போடுற மலையாளி லீவுல போனாரு, நான் மவுசைத் தூக்குனேன். பலகையவிட வெயிட்டு கம்மியா இருந்துச்சு, அப்புறம் கீழ வைக்கல. ஊருக்குத் திரும்பி பாய் மிஷின் போட்டாரு. நான் கம்ப்யூட்டர்ல கோடு இழுப்பேன், அவரு மிஷின்ல பலகையை வெட்டுவாரு. தப்பு வந்தா நான் அவரைச் சொல்லுவேன், அவரு என்னைச் சொல்லுவாரு. இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட மத்தவங்களுக்கு இதெல்லாம் புரியும். சிரிக்கிறவங்க சிரிங்க, அழுவுறவங்க நம்ம பக்கம் வந்து உக்காருங்க.

காக்காவும் கணக்குல உண்டு

பேராவூரணிலேர்ந்து தென்னந்தோப்புக்காரர் ஒருத்தர் வந்தாரு. வாசக்கதவுல தென்னமரம் வேணும், அதுவும் அவரு தோப்பு மரமேதான் வேணும்னு போன்ல ஒரு போட்டோவை நீட்டுனாரு. போட்டோவை அப்படியே மிஷினுக்குக் குடுக்க முடியாதுங்க. அதுக்குக் கண்ணு கெடையாது, இந்தக் கோட்டு மேலயே போன்னு நாமதான் சொல்லணும். கம்ப்யூட்டரையே கோடு போட்டுக்கச் சொன்னா, சீனி கொட்டுன எடத்துல எறும்பு மொய்ச்ச மாதிரி புள்ளியா வச்சுத் தள்ளிடும். மிஷின்ல இருக்குற பிட்டு, அதாங்க வெட்டுற கத்தி, ஒவ்வொரு புள்ளிக்கும் நின்னு நின்னு, குளிர் ஜொரம் வந்தவனாட்டம் நடுங்கும். அந்தப் புள்ளியையெல்லாம் கொறைச்சு, கோட்டை வழவழன்னு ஆக்குறதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

கீத்து கீத்தா ஓரம் தொடைச்சு மத்தியானம் மரத்தைக் காட்டுனேன். மட்டை மேல ஒரு கட்டி. உத்துப் பாத்தா காக்கா! போட்டோ புடிக்கையில வந்து உக்காந்திருக்கு, நானும் பாளைன்னு நெனச்சு அதை அழகா இழுத்து வச்சிருக்கேன். தூக்கிடறேங்கன்னு சொன்னேன். அவரு மூக்குக்கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுப் பாத்தாரு. "இருக்கட்டும் தம்பி, காய் இருக்கோ இல்லியோ அது தெனம் கரெக்டா வந்துடுது."

கொட்டிப்போன கோலம்

அந்த வாரமே ரவி வந்தாரு. திருவையாத்துப் பக்கம் ஊரு, சிங்கப்பூர்ல கட்டட வேலை, லீவுல வந்திருக்காரு. வீடு பெரிய வீடு. ஒரு பக்கம் அண்ணன் குடும்பம், ஒரு பக்கம் இவரு குடும்பம், நடுவுல பொதுக் கூடம். மோட்டார் தண்ணி யாரு வயலுக்கு முதல்லன்னு ஆரம்பிச்ச பேச்சு, கூடத்தைப் பிரிக்கிற வரைக்கும் வந்துருச்சு. ஃப்ளைட் ஏறுறதுக்குள்ள கூடத்துக்கு நடுவுல தடுப்பு நிக்கணும், அண்ணன் மூஞ்சியில முழிக்காம கெளம்பணும். அதான் ஆர்டர். டிசைனுக்கு, வாசல்ல வீட்டம்மா போட்ட சிக்குக் கோலத்தைப் போட்டோ புடிச்சுட்டு வந்திருந்தாரு.

கோலம் கண்ணுக்கு அழகுங்க, மிஷினுக்கு எமன். கோட்டு மேலயே வெட்டுனா, வளைச்ச எடமெல்லாம் கழண்டு விழுந்துடும். கோட்டைப் பட்டையாக்கி, ஒண்ணோட ஒண்ணு புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி மாத்தணும். சொன்னா நம்பல. பாய் ஒரு துண்டுப் பலகையில வெட்டிக் காட்டுனாரு. தூக்குனதும் கோலம் பூரா பொலபொலன்னு தரையில கொட்டிருச்சு, கையில ஓரம்தான் மிச்சம்.

"ஓட்டையே இல்லாம போட முடியாதா பாஸ்?"ன்னாரு. "போடலாங்க, அதுக்குப் பேரு பலகை. மரக்கடையிலயே கெடைக்கும்"னேன். கீழ கெடந்த துண்டு ஒண்ணைக் குனிஞ்சு எடுத்தாரு. "மூஞ்சி தெரியக் கூடாது பாஸ். ஆனா அந்தப் பக்கம் லைட்டு எரியுதா இல்லியான்னு மட்டும் தெரியணும்."

டம்ளர் அளவு

மறுநாள் அவரு வீட்டம்மா கலா வந்தாங்க. "அவருக்குத் தெரிய வேணாண்ணா"ன்னு சொல்லிக்கிட்டே பையிலேர்ந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து, கம்ப்யூட்டர் திரையில இருந்த கோலத்து மேல நேரா வச்சாங்க. "இது போற மாதிரி ஒரு ஓட்டை வேணும். காலையில காபி எங்க அக்காதான் போடுவாங்க." அக்கான்னா, ரவியோட அண்ணன் சம்சாரம். ஆம்பளைங்களுக்குள்ளதான் பேச்சு இல்லையே ஒழிய, பொம்பளைங்களுக்குள்ள காபி நிக்கல.

திரையில தெரியுற அளவு வேற, பலகையில வர்ற அளவு வேறன்னு சொன்னேன். மவுசை உருட்டிப் பெருசாக்குனேன், ஒரு சுழிக்குள்ள டம்ளரே காணாமப் போயிருச்சு. இந்தப் பக்கம் உருட்டுனேன், டம்ளர் கோலத்தையே மூடிருச்சு. "இதுக்கு ஒரே பேச்சு கெடையாதா?"ன்னு கம்ப்யூட்டருக்குத் திட்டு விழுந்துச்சு. கடைசியில ஸ்கேல் வச்சு டம்ளர் வாயை அளந்து, அதுக்கேத்த மாதிரி ஒரு சுழியை மட்டும் பெருசு பண்ணிட்டு, இப்ப சந்தோசமான்னு கேட்டேன். "டம்ளர் மட்டும் போயி என்னாண்ணா பண்ணும்? புடிச்ச கையும் போவணும்ல, வளையலோட."

அடியில ஒரு முழம்

அதுக்கு அடுத்தாப்ல ஒருத்தர், வண்டியில உர மூட்டையோட வந்து எறங்குனாரு. ரவியோட அண்ணன் கோவிந்தராசு. "ஒண்ணுமில்ல, சும்மா வந்தேன்"னாரு. சும்மா வர்றவன் எவனும் அளக்குற டேப்பு கொண்டு வர மாட்டான்.

"தம்பி ஆசைப்படுறான், போடட்டும். நான் குறுக்க நிக்கல. அடியில மட்டும் ஒரு முழம் தூக்கி விட்டுருப்பா"ன்னாரு. எதுக்குங்கன்னேன். "வாசல்ல நெல்லு காயப் போடுவோம். தூறல் விழுந்தா ஓடியாந்து கூடத்துலதான் தள்ளணும். என் பக்கம் பத்தாது." "அப்ப தம்பி பக்கமும் தள்ளுவீங்களா?" "அவன் நெல்லும்தான்யா காயுது! அவன் சிங்கப்பூர்ல இருந்துக்கிட்டா வந்து தள்ளுவான்?" நம்ம வாய் சும்மா இருக்குமா? அதான் பிரிச்சாச்சேங்கன்னு கேட்டுட்டேன். அவரு டேப்பைச் சுருட்டிக்கிட்டே வண்டியில ஏறுனாரு. "பிரிச்சது எங்களுக்குத் தெரியும் தம்பி, மழைக்குத் தெரியுமா?"

சுத்தமான ஃபைலு

நான் உக்காந்து மொத்தத்தையும் சேத்தேன். கோடு மயிரிழை அளவு விட்டுப் போன எடத்தையெல்லாம் மூடுனேன், இல்லன்னா மிஷின் வெட்ட மாட்டேன்னு அடம் புடிக்கும். ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருந்த கோட்டையெல்லாம் அழிச்சேன், இல்லன்னா ஒரே எடத்தை ரெண்டு தடவை வெட்டித் தின்னும். கையும் வளையலும் போற வழி, நெல்லு போற சந்து, லைட்டு தெரியுற சுழி, எல்லாம் கண்ணாடியாட்டம் வந்துருச்சு. பெருமையா பாயைக் கூப்பிட்டேன். அவரு தாடியைத் தடவிக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "ஓட்டையெல்லாம் ஜோராத்தான்டா இருக்கு, இதுல பலகை எங்கடா?"

ஆர்டர் குடுத்தவருக்கு என்ன?

ரவி கடைசித் தடவையா வந்தாரு. பலகையில பிட்டு எறங்குறதுக்கு முன்னாடி படத்தைப் பாத்து அவரு சரின்னு சொல்லணும். உண்மையைச் சொன்னா அவங்க வீட்டுல சண்டை, சொல்லாட்டி நம்ம கடையில சண்டை.

"இது என்ன பாஸ், இவ்ளோ பெருசா?"

"காபிங்க."

"காபியா?"

"வளையலோட."

மொறைச்சாரு. "அடியில இது?"

"நெல்லுங்க. மழை வந்தா."

"யாரு சொன்னது?"

நான் பாயைப் பாத்தேன். பாய் மிஷினைப் பாத்தாரு. மிஷினுக்குத்தான் கண்ணே கெடையாதே.

"அண்ணன் இங்க வந்துச்சா?"

"சும்மாதாங்க வந்தாரு. மழை வந்தா ரெண்டு பேரு நெல்லையும் தள்ளணுமாம்."

"என் நெல்லையும் அண்ணனே தள்ளுதாமா?"

"அப்படித்தான் சொன்னாரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. ஆர்டர் போச்சுடான்னு நான் ஃபைலை மூடப் போனேன். படக்குன்னு என் கையைப் புடிச்சுட்டாரு.

"ஆளாளுக்கு ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கீங்க. ஆர்டர் குடுத்தவன் நான், எனக்கு எங்க பாஸ்?"

"உங்களுக்கு எதுக்குங்க ஓட்டை?"

"நான் சிங்கப்பூர் கெளம்புறப்ப எல்லாம் என் பெட்டியை அண்ணன்தான் தூக்கிட்டு வரும். நாளன்னைக்கு ஃப்ளைட்டு, பெட்டியோட அண்ணன் எந்த ஓட்டை வழியா வரும், சொல்லுங்க?"

பலகை விக்கிறவன் பலகையை விக்கிறான், நாங்க அதுல வழவழன்னு கோடு இழுத்து ஓட்டையை விக்கிறோங்க, வாங்குறவங்க என்னமோ அதுவும் பத்தலன்னுதான் சொல்லிட்டுப் போறாங்க.