அடுப்படிக்கு அடியில் பாதாளத் தவளை

போன ஞாயிற்றுக்கிழமை பூமிக்கு அடியிலிருந்து ஒரு கோழி கொக்கரித்தது. என் இரண்டு காதாலும் கேட்டேன்.

இடம் கூடலூருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் ஓடையை ஒட்டிய ஒரு திராட்சைத் தோட்டம். என் பள்ளித் தோழி மும்தாஜும் அவள் கணவர் ரபீக்கும் அங்கே வீடு கட்டுகிறார்கள். அன்று அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போடும் நாள். அந்த நாளில் வேலையாட்களுக்கு வீட்டுக்காரர்கள் சோறு போடுவது வழக்கம். அதுவும் பாய் வீடு... பிரியாணி இல்லாமல் இருக்குமா? அதற்குத்தான் போனேன். பொய் எதற்கு?

மும்தாஜைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு வாடகை வீடுதான். எல்லா வீட்டிலும் அடுப்படி என்ற பெயரில் ஒரு பொந்து. ஜன்னல் இருக்காது. இருந்தால் அடுத்த வீட்டுக் கக்கூஸ் தெரியும். வாடகைக்கு விட வீடு கட்டுகிறவர்கள் ஒரு நாளாவது அந்த அடுப்படியில் நின்று பத்துத் தோசை சுட்டுப் பார்த்திருப்பார்களா? பார்த்திருந்தால் அன்றைக்கே இடித்திருப்பார்கள்.

அதனால் இந்த வீட்டுக்கு அவள் போட்ட பிளானே வேறு. ஹால் அளவானது. படுக்கையறை சின்னது. அடுப்படி மட்டும் தாராளமாக, ஓடைப் பக்கம் பெரிய ஜன்னலோடு. "கொழம்பு கொதிக்கிறப்ப நான் நின்னுக்கிட்டே மலையப் பாக்கணும்டி" என்பாள். வேறு எதுவும் அவள் கேட்டதில்லை. நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. அடுப்படி கேட்டாள்.

ரபீக் துவா ஓதினார். கொத்தனார் பாண்டி தன் பங்குக்கு எலுமிச்சம்பழம் அறுத்து, சூடம் கொளுத்தினார். பாய் வீட்டு அஸ்திவாரமாக இருந்தாலும் பாண்டி சூடம் கொளுத்தாமல் கலவையைத் தொட மாட்டார். ரபீக்கும் ஒன்றும் சொல்ல மாட்டார். மிக்ஸர் மெஷின் கடகடவென்று ஓடியது. ஹால் பக்கம் கலவை விழுந்து முடிந்தது. அடுத்தது அடுப்படி. தண்ணீர் ஊற்றுவதற்காக மெஷினை ஒரு நிமிஷம் நிறுத்தினார்கள்.

அப்போதுதான் கேட்டது. கொக்... கொக்... கொக்...

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அடுப்படிக்காகத் தோண்டிய வானத்துக்குள்ளிருந்து, அதாவது அஸ்திவாரப் பள்ளத்துக்குள்ளிருந்து, வந்தது சத்தம். முந்தின நாள் மழையில் அதன் ஓரம் கொஞ்சம் சரிந்து கிடந்தது.

"பாய், பிரியாணிக் கோழி ஒண்ணு தப்பிச்சு உள்ள பூந்துருச்சு" என்றாள் சித்தாள் செல்வி. "அறுக்கப் போறாகன்னு தெரிஞ்சு சொரங்கம் தோண்டியிருக்கு."

எல்லோரும் சிரித்தோம். சமையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கூடையைத் திறந்து பார்த்தார். உண்மையிலேயே ஒரு கோழி குறைந்தது!

"கொட்டுங்கய்யா, கோழிதானே" என்றார் ரபீக்.

பாண்டி கரண்டியைக் கீழே போட்டார். "உள்ள உசுரு கெடக்கையில நான் கலவை கொட்ட மாட்டேன் பாய். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு. கோழியோ குஞ்சோ, வெளிய எடுத்துட்டுச் சொல்லுங்க."

கடப்பாரை வேண்டாம் என்று கையாலேயே மண்ணைப் பறித்தார்கள். முழங்கை ஆழம் போனதும் பாண்டி "அய்யய்யோ" என்று கையை இழுத்துக்கொண்டார். வந்தது கோழியில்லை.

தவளை. ஆனால் அதைத் தவளை என்று சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. காற்றடைத்த பலூன் மாதிரி உப்பிய உடம்பு. நம் பன்னீர் திராட்சையின் நிறம். குட்டைக் கால்கள். கடுகு மாதிரி கண். மூஞ்சி பன்றிபோலக் கூர்ந்து, நுனி மட்டும் வெளுத்திருந்தது. பாண்டியின் உள்ளங்கையில் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பிடிக்காமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

காணாமல் போன கோழி திராட்சைப் பந்தலுக்கு மேலே உட்கார்ந்திருந்ததைப் பிறகுதான் யாரோ பார்த்தார்கள். அதன் கதை அதோடு முடிந்தது. பிரியாணி நன்றாகவே இருந்தது.

மணல் கொண்டுவந்த டிப்பர் டிரைவர் ஷாஜி மலைக்கு அந்தப் பக்கத்துக் குமுளிக்காரர், மலையாளி. எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினார். "இது நம்ம மாவேலித் தவள அல்லே! பாதாளத்துலதான் கெடக்கும். வருசத்துல ஒருக்கத்தான் மேல வரும். மாவேலி ராஜா ஓணத்துக்கு வர்றாரில்லே, அது மாதிரி."

"ராஜாவா? இந்த மூஞ்சிக்கா?" என்றாள் செல்வி.

"ஆனா எங்க பக்கம் வைகாசியில, இடவப்பாதி மழைக்கில்லே வரும்? இங்கன என்னா ஐப்பசியில?" என்று தலையைச் சொறிந்த ஷாஜி, இதைச் சுட்டுத் தின்றால் ஆஸ்துமா போகும் என்று ஒரு வைத்தியத்தையும் சேர்த்துச் சொன்னார். நான் முறைத்த முறையில் டிப்பருக்குள் ஏறிக்கொண்டார். செல்வி செல்பி எடுக்கப் போனாள். "வாட்ஸப்புல போட்டுறாத ஆத்தா, பாரஸ்ட்டுக்காரவுக வந்து நிப்பாக" என்று ரபீக் போனைப் பிடுங்கினார்.

மோட்டார் ரூம் பக்கம் மட்டும்தான் சிக்னல். அங்கே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்து போனில் தேடினேன். தேட ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை.

இந்தத் தவளையின் வம்சம் டைனோசர்கள் நடமாடியபோதே தனியாகப் பிரிந்துவிட்டதாம். நெருங்கிய சொந்தக்காரர்கள் இன்றைக்கு எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? பக்கத்து மலையில் இல்லை. இந்தியாவிலேயே இல்லை. கடலுக்கு நடுவே செஷல்ஸ் தீவுகளில்! தவளை நீந்தியா போயிருக்கும்? இல்லை. நிலம் போயிருக்கிறது.

ஷாஜியின் சந்தேகத்துக்கும் பதில் கிடைத்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது அவர்கள் மழைக்கு எழுமாம். இந்தப் பக்கம் இருப்பது நம் மழைக்கு எழுமாம். அதனதன் வானம் அதற்கு.

அதற்கும் முந்தையவர்களைத் தேடினேன். மடகாஸ்கரில் கல்லாகிக் கிடந்த ஒரு பழைய தவளை இனம்... அதற்கு வால் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்ததாம். நம் கோதாவரிப் பள்ளத்தாக்கின் சிவப்பு மண்ணில் ஒரு பிராணி. பானை மூடி மாதிரித் தட்டையான தலை, தலைக்கு மேலே கண், வாய் நிறையப் பல். முதலை என்று நினைத்துவிடாதீர்கள். அதுவும் தவளை மாதிரி நீரிலும் நிலத்திலும் வாழ்கிற கூட்டம்தான். தண்ணீருக்குள் அசையாமல் படுத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டே இரைக்குக் காத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் இன்றைக்கு ஒருவர்கூட இல்லை.

என் தெருவில் டைனோசர் பனியன் போடாத பிள்ளை இல்லை. டைனோசர் பிஸ்கட், டைனோசர் டப்பா, டைனோசர் செருப்பு. தண்ணீரைவிட்டு முதன்முதலில் நிலத்தில் கால் ஊன்றிய கூட்டத்துக்கு ஒரு பனியன் உண்டா? உருவம் பெரிதாக இருக்க வேண்டும், உறும வேண்டும் — அப்போதுதான் நம் ஆட்களுக்கு மரியாதை வரும். தவளைக்கு யார் மரியாதை கொடுத்தார்கள்?

மலையிலிருந்து மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஈர மண் வாசம். நம் மலைப் பாறையில் இந்தப் பழைய எலும்புகள் எதுவும் கிடைக்காது. எலும்பு என்று ஒன்று உலகத்தில் உண்டாவதற்கு முன்பே ஆன பாறை இது. அத்தனை பழைய பாறை... அதன் காலடியில் கொஞ்சம் மண்... அந்த மண்ணுக்குள் இந்தத் தவளை.

கண் தானாகச் சொருகியது. திராட்சைப் பந்தல் இல்லை, டிப்பர் இல்லை, கூடலூரும் இல்லை. மொத்த நிலமும் ஒரு படகு. மெதுவாக, மிக மெதுவாக மிதக்கிறது. ஒரு பக்கம் மடகாஸ்கர் கழன்று போகிறது. அப்புறம் செஷல்ஸ், கரையில் விட்டுவந்த செருப்புகள் மாதிரிச் சின்னச் சின்னதாகப் பின்னால் தங்கிவிடுகிறது. படகின் அடித்தட்டில் திராட்சை நிறத்தில் ஒரு தவளை கறையான் தின்றுகொண்டிருக்கிறது. மேலே பெரிய பெரிய காலடிச் சத்தம். ஒரு நாள் அந்தச் சத்தம் நிற்கிறது. தவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மேலே யார் ஆட்சி என்று அது விசாரிக்கவே இல்லை. மழை வந்தால் மட்டும் கூப்பிடுகிறது. கொக்... கொக்...

"என்னாடி, தூங்குறியா?" மும்தாஜ் என் தோளை உலுக்கினாள். "ஒண்ணு இல்லடி. அடுப்படி நெடுகக் கத்துது. வந்து கேளு."

போய்க் கேட்டேன். அடுப்படிக்கு வெட்டிய வானத்தின் ஓடைப் பக்கம் முழுக்க, அங்கே ஒன்று, இங்கே ஒன்று என்று மண் கொக்கரித்தது.

"இதுக எப்ப வெளிய போகும்? ரெண்டு நாள் பொறுத்துக்கூட கலவை போட்டுக்கலாம்" என்றாள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. "போகாதுடி. மழைக்கு வெளிய வரும். ஓடையில முட்டையிடும். திரும்ப மண்ணுக்குள்ளயே போயிரும்."

"திரும்ப இங்கனயேவா?"

"இங்கனயேதான்."

ரபீக் குறுக்கே வந்தார். "நாலு தவளையப் புடிச்சு ஓடைக்கு அங்கிட்டு விட்டாப் போச்சு."

"அங்கிட்டு முழுக்கப் பாறை, அண்ணே. அது எங்கன தோண்டும்?"

"ஏம்மா, தை பொறந்ததும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாக. புது வீட்ட இந்தப் பக்கம் நகத்துனா பூ வந்த கொடிய வெட்டணும். அதுதான் எங்களுக்குச் சோறு. ஒனக்கு எழுதுறதுக்கு ஒரு தவளை கெடைச்சிருச்சு. எங்களுக்கு வீடு?"

நியாயமான கேள்வி. எனக்குக் கோபம் வந்தது.

மும்தாஜ் குழிக்குள் எட்டிப் பார்த்துத் திட்டினாள். "ஏன் தாயீ, இம்புட்டுக் காடு கெடக்கு. ஒனக்கு என் அடுப்படிதான் கெடைச்சுச்சா?" பிறகு என்னிடம் திரும்பினாள். "போன்ல அம்புட்டு நேரம் என்னாத்தப் படிச்ச?"

சொன்னேன். செஷல்ஸ், கோதாவரி எல்லாம் சொன்னேன். கடைசியாகப் பம்பாயைச் சொன்னேன். அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக ஓடி இறுகியிருக்கிறது. அந்த அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய களிமண்ணில் குட்டிக் குட்டித் தவளைகளின் எலும்பு கிடைத்திருக்கிறது. இந்தத் தவளைக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள்.

"மேல கொழம்பு ஓடி மூடிருச்சா?"

"ஆமா."

அவள் மிக்ஸர் மெஷினைப் பார்த்தாள். இறுகிவிடாமல் இருக்க மறுபடி ஓட்டிய உருளைக்குள் சாம்பல் நிறத்தில் கலவை சுழன்றுகொண்டிருந்தது. வாயைக் கவிழ்த்தால் போதும்.

ரபீக்கும் அதைப் பார்த்தார். "அடுப்படி ஒன்னோடது. நீயே சொல்லு. நான் குறுக்க வர மாட்டேன்" என்றார்.

மும்தாஜ் கோடு போடுகிற சுண்ணாம்புப் பொடிச் சட்டியை எடுத்தாள். ஓடைப் பக்கத்துக் கோட்டைக் காலால் அழித்தாள். ஹால் பக்கம் நகர்ந்து வந்து, குனிந்து, தன் கையாலேயே புதுக் கோடு போட்டாள். அவள் அடுப்படி பாதியாகிப் போனது. அவளுக்கு மூக்கு விடைத்தது. அழுகையா கோபமா, நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்மேல்தான் பொடியைக் கொட்டியிருப்பாள்.

பாண்டி பதறினார். "அக்கா, இங்கன வந்தா அடுப்படி அக்கினி மூலைய விட்டு வெலகுதுக்கா. வீட்டுக்கு ஆகாது."

"எங்க வீட்டுல அக்கினி கேஸ் சிலிண்டர்ல வருது. நீ வானத்தத் தோண்டு. ஜன்னல் மட்டும் நான் சொன்ன அளவு. அதுல ஒரு வெரக்கட கொறைஞ்சுச்சு, ஒன்னைய இங்கனயே பொதைச்சுருவேன்."

புதிதாகத் தோண்டினார்கள். அங்கே சத்தம் எதுவும் இல்லை. பாண்டி காதை மண்ணில் வைத்து மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் கலவையைக் கொட்டினார்.

அருங்காட்சியகத்தில் கல்லாகிப் போனவர்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து லைட் போட்டுப் பார்க்கிறோம். டிக்கெட் வாங்கி, வரிசையில் நின்று பார்க்கிறோம். உயிரோடு இருக்கிறவர்கள் மேல் கான்கிரீட் ஊற்றுகிறோம். என்ன ஜென்மம் நாம்? முதலில் செத்துக் கல்லாகிக் காட்டு, பிறகு மரியாதை தருகிறோம் என்றால் எப்படி?

அடுப்படிக்கென்று வெட்டிய பழைய பள்ளத்தை மண் தள்ளி, மிதிக்காமல், பொலபொலவென்று நிரப்பினார்கள். ஈர மண் போட்ட சட்டியில் வைத்திருந்த அந்தத் தவளையை மும்தாஜ் எடுத்து மண்மேல் விட்டாள். அது ஒரு நொடி கம்மென்று இருந்தது. பிறகு பின்னங்கால்களால் மண்ணைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே இறங்கியது. முதலில் உடம்பு, அப்புறம் கண், கடைசியில் அந்த வெள்ளை மூக்கு. மண் மூடிக்கொண்டது. மழை பிடித்தது. தார்ப்பாய்க்கு அடியில் நின்று, தட்டில் சோறு ஆறுவதுகூடத் தெரியாமல், ஓடைக்கரை முழுக்க மண் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போச்சா பாரு" என்றாள் மும்தாஜ்.

தை மாதம் அவள் குடிபோகிறாள். கூடலூர்ப் பக்கத்து வாசகர்கள் யாராவது அந்த வீட்டுக்குப் போனால் ஜன்னலைப் பாருங்கள், மலையைப் பாருங்கள். அடுப்படி ஏன் இவ்வளவு சின்னது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள் — அவள் கையில் கரண்டி இருக்கும்.