இன்னும் கொஞ்சம் கணீர்னு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றால் மற்ற பிள்ளைகளுக்கு பிரியாணி, டிவி, தூக்கம். எனக்கு மட்டும் சித்தப்பாவின் கிட்டார். கல்யாணம் ஆகாமல் உப்பளம் பேட்டையில் எங்களோடுதான் இருந்தார். வாரம் முழுக்க ஊர் ஓரத்து மேட்டுப்பாளையத்தில் தகடு அடிக்கிற கம்பெனியில் மிஷினோடு மல்லுக்கட்டுவார். ஞாயிறு காலைப் பூசையில் பாட்டுக் குழுவோடு எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பார். சாப்பிட்டதும் என்னைப் பிடித்து உட்காரவைத்து உயிரை எடுப்பார்.

அந்த வருஷம் அவருக்கு ஒரே குறை. கிட்டார் மங்கிப்போச்சாம். "கம்பளிய போத்திக்கினு பாடுற மாதிரி இருக்குது பாப்பா." எனக்கு ஒரு மங்கலும் தெரியவில்லை. சொன்னால் கேட்கிற ஆளா அவர்? புதுக் கம்பி மாட்டினார். போதவில்லை. மூடியைக் கழற்றி, வால்யூம் கன்ட்ரோலைப் பிடுங்கிவிட்டு, அதைவிட அதிக ஓம் மின்தடை உள்ளதைப் பற்றவைத்தார். அப்படிச் செய்தால் மேல்ஸ்தாயிச் சத்தம் உள்ளேயே அமுங்காமல் வெளியே வருமாம். அதுவும் போதவில்லை என்று டோன் குமிழோடு இருந்த குட்டி கெப்பாசிட்டரையும் வெட்டி எறிந்தார். வீடெல்லாம் ஈயம் உருகிய நாற்றம். அம்மா திட்டினாள், என்னையும் சேர்த்து.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பியைத் தட்டி, "இப்ப?" என்பார்.

"போதும் சித்தப்பா, காது கூசுது."

"நெசமாவா?" என்று என் முகத்தையே பார்ப்பார். பிறகு ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிளை இன்னும் ஒரு திருகு ஏற்றுவார். பிறகு எதற்கு என்னைக் கேட்க வேண்டும்? இதுகூடப் பரவாயில்லை. காப்பி ஆறுகிறது என்று வாசற்படியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார். அப்பா தன் கட்டைக் குரலில் ஒரு தடவை அழைத்தால் போதும், "இன்னாண்ணே" என்று எழுந்து போவார். சின்னப் பிள்ளை என்றால் அவ்வளவு இளக்காரம்.

மாதா திருவிழாவுக்கு முந்தின வாரம் பாட்டுக் குழுவை நடத்துகிற சிஸ்டர் என்னிடம் சொல்லியனுப்பினார். "உங்க சித்தப்பா கிட்டார் ரொம்பக் கீச்சுங்குது. திருவிழாவுலயும் இப்படின்னா இனிமே கீபோர்டே போதும்னு சொல்லு." பள்ளிக்கூட நாளிலிருந்து அந்தக் குழுவில் வாசிப்பவர் அவர், அது போனால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது? ஓடிவந்து சொன்னேன். அவர் சிரித்தார். "அவங்க கீபோர்டு பக்கத்துலயே நிக்கிறாங்க. கிட்டாரு எங்க கேக்கப்போவுது?" அன்று சாயங்காலமே பேஸையும் குறைத்துவிட்டார்.

திருவிழாப் பூசையில் காணிக்கைப் பாட்டுக்கு முதல் தட்டு தட்டினார். தகரத்தை ஆணியால் கீறியது போல ஒரு சத்தம். கைக்குழந்தைகள் வீறிட்டன. ஃபாதரே திரும்பிப் பார்த்தார். எல்லோரும் காதைப் பொத்த, சித்தப்பா மட்டும் முகம் மலர்ந்து, பிள்ளைகள் வரிசையில் என்னைத் தேடிக் கண்டுபிடித்து, பார்த்தியா என்பதுபோல் தலையாட்டினார். வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது. சிஸ்டர் வந்து ஆம்ப்ளிஃபயரின் பிளக்கைப் பிடுங்கினார். பூசை முடிந்ததும், "இனிமே வேணாம் தம்பி" என்றார், குரல் உயர்த்தாமல்.

ஆம்ப்ளிஃபயரைக் காலடியில் வைத்து ஸ்கூட்டரை எடுத்தார். பின்னால் நான், கிட்டாரைக் கட்டிக்கொண்டு.

"இன்னிக்குத்தான் பாப்பா பழைய மாதிரி இருந்துச்சு" என்றார்.

முதல் திருப்பத்தில் போட்ட இன்டிகேட்டரை அவர் அணைக்கவே இல்லை. அது கீ கீ என்று விடாமல் கத்த, தெருவே எங்களை வேடிக்கை பார்த்தது. அவர் பிடரிக்குப் பின்னாலிருந்து, "சித்தப்பா, இன்டிகேட்டர்" என்று கத்தினேன். மறுபடியும் கத்தினேன். அவர் பாட்டுக்குக் காணிக்கைப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். இவ்வளவு அவமானத்துக்குப் பிறகும் என்ன திமிர் என்று அந்த முதுகை முறைத்துக்கொண்டே வந்தேன். கம்பெனி மிஷின் அவர் காதிலிருந்து கீச்சுச் சத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்ததும், அதில் என் குரலும் போய்விட்டதும் எனக்கு அப்போது தெரியாது.