தாயும் மகளும் எழுதிய பத்தாம் வகுப்பு

எழுதப் படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்கு விருதுநகரில் என் வீட்டு முன்னறையில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். டிஸ்லெக்சியா என்று மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த பிள்ளைகள்தான் அதிகம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எம். புதுப்பட்டியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஞாயிறுதோறும் வந்தாள். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் அவளுடைய அம்மா பேருந்தில் கூட்டிவந்து, வகுப்பு முடியும்வரை வாசல் பக்கம் உட்கார்ந்திருப்பார்.

அந்தப் பெண் எழுதும்போது ஒற்றெழுத்துகளை விட்டுவிடுவாள், பட்டம் படமாகிவிடும். காதால் கேட்டால் மட்டும் பிடித்துக்கொள்வாள். அதனால் பாடங்களை என் குரலில் பதிவு செய்து அம்மாவின் போனுக்கு அனுப்பிவந்தேன்.

ஒரு ஞாயிறு அம்மா மட்டும் வந்தார்.

“பாப்பாவுக்குக் காய்ச்சல், டீச்சர். நீங்க அனுப்புன அறிவியல் பாடம் அம்புட்டும் எனக்கு மனப்பாடம். கேள்வி கேட்டுப் பாருங்க.”

கேட்டேன். பிசகில்லாமல் சொன்னார். புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தியை வாசிக்கச் சொன்னேன். முதல் வரியில் பாதி வாசித்தவர் அங்கிருந்து மூன்றாம் வரிக்குப் போய்விட்டார்.

“எழுத்து ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. பாப்பாவுக்கு இருக்குறதுதான் எனக்குமா?”

இருக்கலாம் என்றேன். அவர் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். பத்தாவதில் எல்லாப் பாடத்திலும் தோற்று, மறு மாதமே ஆலைக்குப் போனவர். பேக்கிங் அறையில் பெட்டிக்குள் எந்த வெடிக்குப் பின் எந்த வெடியை அடுக்க வேண்டும் என்று சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் பக்கத்துப் பெண்ணை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்வார். சீசன் முடியும்வரை அது மறக்காது. இப்போது கம்பெனியில் போர்மேன் என்ற மேற்பார்வை வேலைக்கான பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பத்தாவது தேறியிருக்க வேண்டுமாம்.

“பாப்பா மாதிரி என்னையும் சோதிச்சுப் பாத்து சர்ட்டிபிகேட் தருவாகளா, டீச்சர்? இருந்தா பரீட்சையில சொல்லச் சொல்ல எழுத ஆள் தருவாகள்ல?”

“இந்த வயசுல அது எதுக்குங்க? மொதல்ல பாப்பா முடிக்கட்டும்” என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்து ஒரு தாளை நீட்டினார். ஒருநாள் வேலையை விட்டு, சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குத் தனியாகப் போய், எந்த மருத்துவரை என்றைக்குப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கி வந்திருந்தார்.

“பாப்பாவுக்குன்னு நெனச்சுத்தான் அங்கன பேசுனாக. எனக்குன்னு சொன்னதும், ஒக்காருங்கன்னாக.”

‘அது எதுக்கு’ என்று கேட்கும் அப்பாக்களோடும் தலைமை ஆசிரியர்களோடும் வருடக்கணக்காக வாதாடியவள் நான். அதே வார்த்தையை அவரிடம் நானே சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிறு அவருடைய நாற்காலியை மேசையருகே போட்டேன்.

மகளுக்கு அது பிடிக்கவில்லை. “நீ ஏம்மா இப்ப எழுதுற? பள்ளிக்கூடத்துல என்னையப் பாத்துச் சிரிப்பாக” என்று புத்தகத்தை மூடிவைத்தாள். “தனியா எழுதுறவுகளுக்கு வேற சென்டர். நான் அங்கன வரவே மாட்டேன்” என்றார் அம்மா. அதற்குப் பிறகும் இரண்டு வாரம் அவள் எங்கள் இருவரிடமும் சரியாகப் பேசவில்லை.

இருவரும் அடுத்த ஆண்டு தேர்வு எழுதினார்கள். மருத்துவர் சான்றிதழ் கொடுத்திருந்ததால், இருவருக்குமே சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதலாக ஒரு மணி நேரமும் கிடைத்தன. முதல் தேர்வு முடிந்த அன்று அம்மா போன் செய்தார்.

“சின்ன வயசுல பத்தாவது எழுதுனப்ப வெறுந்தாளைத்தான் மடிச்சுக் குடுத்தேன், டீச்சர். இன்னைக்கு நான் சொல்லச் சொல்ல எழுதுன அந்தம்மாவுக்குக் கை வலிச்சே போச்சு. மெதுவா சொல்லுங்கம்மான்னு மூணு தடவை கெஞ்சுனாக.”

மகள் எல்லாப் பாடத்திலும் தேறினாள். அம்மாவுக்குக் கணக்கு மட்டும் போய்விட்டது. வாசித்துக் காட்டினாலும் எண்கள் அவருக்குள் நிற்கவில்லை. துணைத் தேர்வுக்கு மகளே உட்கார்ந்து கணக்கு சொல்லிக்கொடுத்தாள். என்னைவிடப் பொறுமையாகச் செய்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தேர்வில் அம்மா தேறினார்.

அதற்குள் போர்மேன் பயிற்சிக்கு ஆள் எடுத்து முடித்திருந்தார்கள். அடுத்த முறைக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். மகள் சிவகாசியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். இப்போது என்னிடம் வருவதில்லை, வர வேண்டிய தேவையும் இல்லை.