பதினான்காம் கேள்வியை எழுதியவள் நான்

1. டேபிள் சுத்தமாக வந்த நாள்

சித்தூர் மாங்கூழ் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களுக்குக் குழந்தைகள் காப்பகம் தேவையில்லை. எங்கள் டேபிள், அதாவது ஆய்வின் எண்ணிக்கை அட்டவணை, அப்படித்தான் சொன்னது. திருப்பதி அலுவலகத்தில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளிய தாளைக் கிழித்து எடுத்த டைரக்டர் சார், "பாரும்மா சுலோச்சனா, எவ்ளோ கிளீனா வந்திருக்குது! ஒரு கொழப்பமும் இல்ல" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு நாள் லீவு போட்டுத் தூங்கலாம் என்கிற சந்தோஷம். மே மாத வெயிலில் ஆலை கேட்டுகளில் நின்று இருநூறு படிவம் நிரப்ப வைத்த ஃபீல்டு சூப்பர்வைசர் நான். உள்ளங்கால் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

இது தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடந்தது. இப்போது டேப்லெட்டைத் தட்டிப் படிவம் நிரப்பும் பிள்ளைகள் என்னிடம் வந்து, "மேடம், கேள்வி தயாரிக்க ஒரு நாள் போதுமா?" என்று கேட்கிறார்கள். எங்களுக்கு ஒரு மத்தியானம் போதுமாயிருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

2. ஃபேனுக்கு அடியில் பிறந்த ஆய்வுச் சிக்கல்

ஒரு தொண்டு நிறுவனம் எங்களிடம் வந்தது. ஆலைகளுக்குப் பக்கத்தில் ஒரு அறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், மதியம் சோறு, பால். எல்லாம் செய்யத் தயார். ஆனால் தேவை இருக்கிறதா என்று எண்ணிக்கையில் காட்ட வேண்டும். தேவை இல்லையென்றால் அவர்கள் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார்கள்.

டைரக்டர் சார், நான், பதில்களுக்கு எண் போடும் கோடிங் வேலை பார்க்கும் ஒருவர், மூன்று பேரும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஆய்வுச் சிக்கலை எழுதினோம்: "மாங்கூழ் ஆலைகளில் பணிபுரியும் பெண்களின் குழந்தைப் பராமரிப்புத் தேவைகள்." படிக்க நன்றாகத்தான் இருந்தது. சிக்கல் "பணிபுரியும் பெண்கள்" என்று ஆகிவிட்டால் பட்டியலை எங்கே எடுப்பது? ஆலையின் ஹாஜர் பட்டியில்தான். அந்த வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது பெயர், பத்தாவது பெயர் என்று சாம்பிள் எடுத்தோம். பாடப்புத்தகத்தில் உள்ளபடி எல்லாம் சரி.

பதினான்காம் கேள்வி என்னுடையது. "நீங்கள் வேலைக்கு வரும் நாளில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" மாமியார் அல்லது அம்மா, வீட்டிலுள்ள வேறு பெண், மூத்த பிள்ளை, யாரும் இல்லை. நான்கு கட்டம். ஏறக்குறைய எல்லாரும் இரண்டாவது கட்டத்தில்தான் விழுந்தார்கள். "யாரும் இல்லை" என்ற கட்டம் காலியாகக் கிடந்தது. அவ்வளவுதான், காப்பகம் தேவையில்லை.

3. ஒரு பெயர், இரண்டு முகம்

பேக் செக் பாக்கி இருந்தது. நிரப்பிய படிவங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு போய் அதே ஆளிடம் மறுபடி கேட்டுச் சரிபார்க்கிற வேலை அது. நியாயமாக டேபிளுக்கு முன்னால் செய்ய வேண்டியது. அவசரத்தில் பின்னால் தள்ளிவிட்டோம்.

சித்தூருக்கு பஸ் ஏறினேன். ஆலை கேட்டில் மேஸ்திரி "ரேவதி" என்று குரல் கொடுக்க, கையெல்லாம் தோத்தாபுரி மாம்பழச் சாறு வழிய ஒரு பெண் வந்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரேவதியை நானே பேட்டி எடுத்திருந்தேன். ரேவதி உயரம், கன்னத்தில் மரு. இவள் குட்டை.

"நீ ரேவதி இல்லியேம்மா?"

"ரேவதி எங்க ஓரகத்திக்கா. நான் செல்வி. இன்னிக்கு என் மொறை."

"என்ன முறை?"

அவள் சிரித்தாள். "இன்னாக்கா, இத்தினி நாளு வந்துக்கினு கீற, இது தெரியாதா? ஒரு பேருல ரெண்டு பேரு வருவோம். ஒரு நாளு அவ, ஒரு நாளு நானு. வூட்ல கீறவ ரெண்டு பேரு புள்ளைங்களயும் பாத்துப்பா."

மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் சலித்துக்கொண்டார். "எனக்கு பேருக்கு ஒரு ஆளு வந்தா சரிம்மா. எவ வந்தா இன்னா? இங்க எல்லாரும் இப்டித்தான்."

ஆலை முழுக்கத் தெரிந்த விஷயம். எங்கள் படிவத்துக்கு மட்டும் தெரியவில்லை. "வீட்டிலுள்ள வேறு பெண்" என்று நான் போட்ட கட்டத்தில் உட்கார்ந்திருந்தவள் அன்றைக்கு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவள். அதை நாங்கள் வசதி என்று எண்ணிக் கூட்டியிருந்தோம்.

"சரி, வீட்டில் ஒரே பெண்தான் இருக்கிறாள் என்றால்?" என்று கேட்டேன்.

"அவ எப்டிக்கா வருவா? பட்டியில பேரே இருக்காது. எங்க தெருவுல மஞ்சுளா கீறாளே, அவளாண்ட கேளு."

4. மஞ்சுளா

மஞ்சுளா வாசலில் ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. போன சீசன் வரை அவளும் ஓரகத்தியும் ஒரே பெயரில் மாறி மாறி வேலைக்குப் போனவர்கள். அந்த வருஷம் ஓரகத்தி, புருஷனோடு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டாள். அப்போது அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளில் அதே கதைதான். அண்ணன் குடும்பம் இங்கே, தம்பி குடும்பம் பெங்களூரில்.

"ரெண்டு நாளு இவளத் தூக்கிக்கினு போனேன் மேடம். பழக் கூடைங்க பின்னால துணி விரிச்சிப் படுக்க வெச்சேன். சூப்பர்வைசர் பாத்துட்டாரு. மிஷின் ஓடற எடம், புள்ளைக்கு ஏதானா ஆச்சின்னா யாரு பதில் சொல்றதுன்னு தொரத்திட்டாரு. அவரு சொல்றதும் நியாயந்தான்." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "கேட்டாண்ட புள்ளைங்களுக்கு ரூம் கட்டறாங்களாமே? வந்துச்சின்னா மொத ஆளா நான் நிப்பேன். நெஜமா வருமா?"

என் பையில் டேபிளின் நகல் இருந்தது.

"எல்லாராண்டயும் எய்திக்கினு போனீங்களாம். எங்கிட்ட யாரும் கேக்கலியே மேடம்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தகவல் சொல்வதுபோலச் சொன்னாள். வெட்கத்தில் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆலைக்குள் இருப்பவர்களிடம் போய் "உள்ளே வர முடிகிறதா?" என்று கேட்டிருக்கிறோம். வர முடிகிறது என்றுதான் சொல்வார்கள். கேட்க வேண்டிய கேள்வியே வேறு: வர நினைத்தும் வராமல் போனவர்கள் எத்தனை பேர், எதனால்? அதற்குப் பட்டியல் ஆலையில் கிடைக்காது. தெருத்தெருவாக வீடு எண்ண வேண்டும்.

5. ஒரு வரி

டைரக்டர் சாரிடம் சொன்னேன். "சார், கேள்வி தப்பில்ல. சிக்கலே தப்பா எழுதிட்டோம். பத்து நாள் குடுங்க, மூணு ஊர்ல வீடு வீடா எடுத்துக்கினு வரேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, இப்ப வந்து சொல்ற? ரிப்போர்ட் திங்கக்கெழம போகணும். ஃபீல்டு ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பியாச்சு. இப்ப போய் ப்ராப்ளத்தையே மாத்தறேன்னா, நம்ம வேலை தெரியாதவங்கன்னு ஆயிடாதா? லிமிடேஷன்ல ஒரு லைன் போட்டுடு."

அவரும் களைத்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. நான் இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அந்த நிறுவனத்துக்கு நானே ஒரு கடிதம் போட்டிருக்கலாம். பதினான்காம் கேள்வியை எழுதியது யார் என்ற பேச்சு வரும் என்று பயந்தேன். "வருகைப் பதிவேட்டில் இல்லாத பெண்கள் இந்த ஆய்வில் இடம்பெறவில்லை" என்று, ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பகுதியில் ஒரு வரி எழுதினேன். நல்ல நடை, நல்ல வரி. அதை யாரும் படிக்கவில்லை. காப்பகம் வேறு மாவட்டத்துக்குப் போனது.

6. பூட்டிய வீடு

அடுத்த வருஷம் எங்களுக்கு வந்த ஆய்வு, இடம்பெயர்வைப் பற்றியது. ஊரைவிட்டு ஏன் போகிறார்கள்? மழை இல்லை, கூலி குறைவு, கடன், மற்றவை. மறுபடி நான்கு கட்டம். இந்தத் தடவை வீட்டுப் பட்டியலிலிருந்துதான் சாம்பிள். நான் பிடிவாதம் பிடித்து அதை மட்டும் வாங்கியிருந்தேன். அதே தெரு வந்தது. மஞ்சுளா வீட்டில் பூட்டு தொங்கியது.

செல்வி எதிர் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அவ ஓரகத்தியாண்டயே போய்ட்டாக்கா, பெங்களூருக்கு. அங்க மணலு கொட்டற எடத்துல புள்ளய உக்கார வெச்சிக்கினு வேலை செய்யலாமாம். இங்க பக்கத்துல வேலை கெடச்சிருந்தா போயிருக்க மாட்டா."

பிள்ளைகளே, கேள்வி எழுதுவதற்கு முன்னால் பட்டியலைக் கையில் வாங்கி, இதில் யார் இல்லை என்று கேளுங்கள். அவளைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உங்கள் சிக்கலை எழுதுங்கள். பத்து நாள் தாமதமானால் ஆகட்டும், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். கற்றுக்கொண்டபோது அவளுக்கு அது உதவவில்லை.

பூட்டிய வீடு என்றால் ஃபீல்டில் விதி ஒன்றுதான். படிவத்தில் "பூட்டிய வீடு" என்று எழுதிவிட்டு மாற்றாக அடுத்த வீட்டை எடுக்க வேண்டும். நான் எழுதிவிட்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.