ஃபிளாரன்ஸ் குவிமாடத்தில் ஏறிய நாள்

சென்னையில் கட்டடக்கலை படித்த காலத்தில், ஃபிளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்தை நடுவில் வெட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று பரீட்சைக்காக வரைந்திருக்கிறேன். உள்ளே ஒரு கூடு, அதைப் போர்த்தியதுபோல வெளியே இன்னொரு கூடு. இரண்டுக்கும் நடுவே ஆள் ஏறிப் போகிற அளவுக்கு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் பென்சிலால் படிக்கட்டு போட்டதோடு சரி. நானே அதில் ஏறுவேன் என்று அப்போது நினைக்கவில்லை. ஏறவே முடியாமல் போய்விடும் என்று பயந்தது வெகுகாலம் கழித்து, நியூ ஜெர்சியில்.

மான்மவுத் ஜங்ஷனில் எங்கள் வீடு. ஒரு குளிர்காலக் காலையில் படுக்கையில் புரண்டு படுத்தேன், அறை சுழன்றது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. சுவரைப் பிடித்தபடி குளியலறைக்குப் போவதற்குள் விழுந்துவிட்டேன். உள்காதில் தொற்று, உடம்பைச் சமநிலையில் வைக்கிற நரம்பு ஒரு பக்கம் அடி வாங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சுழற்சி சில வாரங்களில் அடங்கிவிட்டது. தரை மட்டும் படகு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ரூட் ஒன் நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவதை விட்டேன். மாலில் எஸ்கலேட்டரைக் கண்டால் ஒதுங்கிப் போனேன். ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தோழி வீட்டுக் கொலுவுக்குப் போனபோது, கீழ்ப்படி பொம்மையிலிருந்து மேல்படி பொம்மைவரை அண்ணாந்து பார்ப்பதற்குள் தலை சுற்றி, சுண்டல் கிண்ணத்தோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டேன். கட்டடங்களை வரைந்து பிழைக்கிறவளுக்கு ஒரு கட்டடத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பேலன்ஸ் தெரபிக்கு அனுப்பினார்கள். முதல் நாளே அந்தத் தெரபிஸ்ட், அவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி, நான் மறுபடியும் என்ன செய்ய ஆசைப்படுகிறேன் என்று கேட்டார். கார் ஓட்ட வேண்டும் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது வேறு. இத்தாலியில் ஒரு குவிமாடம் இருக்கிறது, அதன் உச்சிக்கு ஏற வேண்டும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அங்கே லிஃப்ட் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் காலுக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்றார்.

கட்டைவிரலை நீட்டி, நகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். அடுப்பில் ரசம் நுரைகட்டி வரும்வரை ஆட்டுவேன். பிறகு பஞ்சுமெத்தைமேல் நிற்பது, கோட்டில் நடப்பது, நடந்துகொண்டே திரும்பிப் பார்ப்பது. முதலில் ஒவ்வொரு பயிற்சிக்கும் குமட்டியது. மெல்ல மெல்லக் குமட்டல் குறைந்தது. ஒருநாள் நானே ஓட்டிக்கொண்டு தெரபிக்குப் போய் இறங்கியபோது, அந்தப் பெண்மணி வாசலுக்கு வந்து கைதட்டினார். அன்று இரவே ஃபிளாரன்ஸுக்கு டிக்கெட் பார்த்தேன்.

என் கணவருக்கு மனசே இல்லை. "கீழ நின்னு பாத்தா போதாதாம்மா? பாதி வழில தலை சுத்திச்சுன்னா என்ன பண்ணுவ?"

"உக்காந்துப்பேன்."

"உக்கார எடம் இருக்குமா அங்க?"

"படிக்கட்டுங்க. பூராவும் உக்கார எடம்தான்."

கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் பள்ளியில் படிக்கும் எங்கள் மகளும் கிளம்பினோம். ஃபிளாரன்ஸில் தெருக்கள் குறுகல். இருபக்கமும் மஞ்சள் சுவர்கள். ஒரு திருப்பத்தில் தெரு திடீரென்று முடிய, எதிரே வெள்ளையும் பச்சையும் ரோஜாநிறமுமாகப் பளிங்கு மலையே நின்றது. அதன் தோளுக்குமேல் செங்கல் நிறத்தில் குவிமாடம். எட்டு வெள்ளை விலாக்கள் அதை இழுத்துக் கட்டியிருந்தன. படத்தில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் இந்தப் பருமனுக்கு நான் தயாராக இல்லை. தலையை நிமிர்த்தி உச்சிவரை பார்த்தேன். தரை ஆடவில்லை. இன்னொரு முறை பார்த்தேன்.

மகள் ஃபோனைக் கீழே இறக்கினாள். "அம்மா, இட் டஸன்ட் ஃபிட் இன் தி கேமரா."

வெளியே இத்தனை அலங்காரம், உள்ளே எதிர்பாராத வெறுமை. உயர்ந்த சாம்பல்நிறத் தூண்கள், வளைவுகள், நடந்து நடந்து தேய்ந்த வண்ணப் பளிங்குத் தரை. நுழைவாசலின் மேல்பக்கம் ஒரு பழைய கடிகாரம், முள் இடப்பக்கமாகச் சுற்றுகிறது. அந்த வெறுமையில் நடந்து குவிமாடத்தின் அடிக்கு வந்தால்தான் எல்லாம் எதற்காகச் சேமித்து வைக்கப்பட்டது என்று புரிகிறது. மேலே வானம் திறந்ததுபோல ஓவியம். இறுதித் தீர்ப்பு நாள். வட்டம் வட்டமாகத் தேவதைகளும் புனிதர்களும், எல்லோருக்கும் கீழே நெருப்பும் பிசாசுகளும்.

பக்கவாட்டுக் கதவு வழியாக ஏறத் தொடங்கினோம். சுழல்படி, தேய்ந்த கல். சுற்றிச் சுற்றி ஏறுவதுதான் எனக்கு ஆபத்து என்று தெரியும். அதனால் ஒவ்வொரு படியின் விளிம்பையும் மட்டுமே பார்த்து ஏறினேன். சுழல்படி முடிந்து குவிமாடத்தின் உள்விளிம்பில் ஒரு நடைபாதைக்கு வந்தோம். கீழிருந்து பொம்மைபோலத் தெரிந்த பிசாசு இங்கே என்னைவிடப் பெரியது. அண்ணாந்தேன். வளைந்த சுவரில் அத்தனை உருவங்களும் ஒரே நேரத்தில் நகர்ந்தன. பழைய படகு வந்துவிட்டது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒரு பிசாசின் பச்சைக் காதை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் என் முதுகில் கைவைத்தாள். காது நின்றது. காதைத் தொடர்ந்து பிசாசு நின்றது. பிறகு சுவர் முழுவதும் நின்றது.

"போலாம்," என்றேன்.

அதற்குப் பிறகுதான் நான் வரைந்த அந்த இடைவெளி. இரண்டு கூடுகளுக்கு நடுவே, சாய்ந்த சுவர்கள் தலைமேல் கவிழ்ந்துவர, ஒற்றை ஆள் போகும் வழி. முன்னே சென்ற கணவர் நின்றுவிட்டார். திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"என்னால முடியல. மூச்சு முட்டுது. நான் எறங்கிடறேன்."

பின்னால் வரிசை. இறங்கும் வழி வேறு, வந்த வழியே திரும்ப முடியாது. எனக்காக ஒரு வருடத்துக்கும் மேலாகக் கவலைப்பட்டவருக்கு இடுக்கு ஆகாது என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. பின்னால் நின்றவர்களை மகள் ஆங்கிலத்தில் பொறுக்கச் சொன்னாள். அவரைச் சுவரோரம் உட்காரவைத்து, என் கட்டைவிரலை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"என் நகத்தப் பாருங்க. மெதுவா மூச்சு விடுங்க. வேற எதையும் பாக்காதீங்க."

பார்த்தார். மூச்சு சீரானதும் அவர் கையை எடுத்துச் சுவரில் வைத்தேன். "இந்தச் செங்கல்லத் தொட்டுப் பாருங்க. படுத்திருக்கு இல்ல? நடுநடுவுல ஒண்ணு நிக்குது பாருங்க."

மீன்முள் போன்ற அடுக்கு. கீழேயிருந்து மரச்சாரம் முட்டுக்கொடுக்காமல் இத்தனை பெரிய கூரையை எழுப்பியிருக்கிறார்கள். சாந்து காய்வதற்குள் படுத்த கல் சரிந்துவிடாதபடி நிற்கிற கல் பிடித்துக்கொள்ளும். ஒரு சுற்று முடிந்தால் அது தன்னைத் தானே தாங்கும், அதன்மேல் அடுத்த சுற்று. பேசிக்கொண்டே நான் முன்னால் நடந்தேன், அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"வெயிட், சோ இட் வாஸ் ஹோல்டிங் இட்செல்ஃப் அப் த ஹோல் டைம்?" என்றாள் பின்னால் வந்த மகள். என் வேலையைப் பற்றி அதுவரை அவள் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. படியேறியபடியே பதில் சொன்னேன். அடுத்ததைக் கேட்டாள். அதற்கும் சொன்னேன். மூச்சு வாங்கியது, ஆனாலும் நிறுத்தத் தோன்றவில்லை.

கடைசிப் படிகள் ஏணி மாதிரி செங்குத்து. தலைக்குமேல் ஒரு சதுர வெளிச்சம். அதற்குள் தலையை நீட்டினேன், காற்று முகத்தில் அறைந்தது. நகரம் முழுவதும் சிவப்பு ஓட்டுக் கூரைகள். அதற்கப்பால் ஆறு, ஆற்றுக்கப்பால் பச்சை மலைகள். கணவர் வெளியே வந்து நீண்ட மூச்சு விட்டார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ பேஷண்ட்டுன்னு நெனச்சு உன்னக் கூட்டிட்டு வந்தேன்," என்றார்.

"யாரு யாரக் கூட்டிட்டு வந்தா?" என்றேன். மகள் எங்கள் இருவரையும் சேர்த்துப் படமெடுத்தாள். அதில் என் தலைமயிர் பறக்கிறது, வாய் முழுக்கச் சிரிப்பு. இதுவரை எடுத்த படங்களில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

மறுநாள் காலை அவர்கள் இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் தனியாகக் கிளம்பிப் போய், பக்கத்திலேயே நிற்கும் மணிக்கோபுரத்தில் ஏறினேன். குவிமாடத்தின்மேல் நிற்கிறவர்களுக்குக் குவிமாடம் தெரியாது, கோபுரத்திலிருந்து பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். காலை வெயிலில் அது எதிரே ஜொலித்தது. அதன் உச்சியில் எறும்புபோல மனிதர்கள். யாரோ ஒருவர் இந்தப் பக்கமாகக் கையசைத்தார். யாருக்கென்று தெரியவில்லை. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.