ரீச்சர் எழுதியது பழச்சாறு பற்றி அல்ல

தவமணி ரீச்சர் காலமான செய்தி எனக்குப் பிக்கரிங் ரயில் மேடையில் நிற்கும்போது வந்தது. எங்கள் ஊர்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் அறிவித்தல் போட்டிருந்தார். ரீச்சரின் படம், அதற்குக் கீழே 'முன்னாள் இரசாயன ஆசிரியை, பழச்சாறு ஆய்வாளர்' என்ற வரி, பிறகு வரிசையாகக் கும்பிடும் கைகள். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது. ஆத்திரத்தில் ஏறாமல் நின்றுவிட்டேன். ரீச்சர் தன் ஆயுளில் ஒரு பழச்சாற்றையும் ஆராய்ந்ததில்லை. அவர் ஆராய்ந்தது மதுவை. பழங்காலத்து மனிதர்கள் வைனுக்குள் எதையெல்லாம் போட்டார்கள், அதை எப்படிக் குடித்தார்கள் என்பதை. அவரைப் பழச்சாறு ஆய்வாளர் ஆக்கியது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன். ரீச்சரைத் தெரிந்த உங்களுக்கு அதைச் சொல்லாமல் அஞ்சலி என்று நான் எதை எழுதினாலும் அது பொய்.

யாழ்ப்பாணத்தில் பதினெட்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவர் அவர். இங்கே ஒன்ராறியோவுக்கு வந்து ரெக்ஸ்டேலில், சாப்பாட்டுச் சாமான்களுக்கு வாசனை சேர்க்கிற தொழிற்சாலையொன்றில் வேலை செய்தார். மாம்பழமே இல்லாத மாம்பழ மணம் அங்கேதான் தயாராகும். நாள் முழுவதும் மணந்து பார்த்து எழுதுவது அவருடைய வேலை. நான் மலர்களுக்குப் பக்கம் வடிவமைப்பவன். நினைவு மலர், திருமண மலர், சங்கத்தின் ஆண்டு மலர் எல்லாம் என் கணினி வழியாகத்தான் போகும். மலருக்கு எழுதுவோரில் கையெழுத்துப் பிரதியை ஒரு வெட்டுக் கொத்து இல்லாமல் தருபவர் ரீச்சர் ஒருவரே.

ஒரு ஞாயிறு மத்தியானம் என்னையும் மனைவியையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். சமையலறை மேசையில் நாலு கிண்ணங்கள். டன்ஃபோர்த்தில் கிரேக்கக் கடையொன்றில் வாங்கிய வைனைப் பிரித்து ஊற்றி வைத்திருந்தார். ஒன்றில் பைன் மரப் பிசின் மணம். சாடிக்குப் பிசின் பூசினால் வைன் கெடாதாம், பிறகு அந்த மணமே அவர்களுக்குப் பிடித்துப் போனதாம். குடித்தால் சாம்பிராணிப் புகையை விழுங்கியது போலிருந்தது. இன்னொன்றில் உப்பு. சில தீவுகளில் கடல்நீரையே அளந்து கலந்தார்கள் என்றார்.

"ஒன்ராறியோ ஏரித் தண்ணியில உப்பில்லை. அதால கடையில வாங்கின கடலுப்பைக் கரைச்சனான்," என்று மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்.

மூன்றாவதைத் தேனும் பேரீச்சம்பழமும் மிளகும் போட்டுச் சூடாக்கியிருந்தார். உரோமர்களின் முறை. "உந்த மிளகு எங்கட பக்கத்துக் கடலால போனது, தம்பி. எங்கட ஆக்கள் அதை ரசத்துக்குப் போட்டினம். அவங்கள் இதுக்குப் போட்டவங்கள்," என்றபோது அவர் முகத்தில் வந்த பெருமையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. திராட்சைச் சாற்றை ஈயப் பாத்திரத்தில் காய்ச்சி வற்றவைத்து வைனுக்கு இனிப்பு ஏற்றினார்கள் என்றும் சொன்னார். அந்தக் கிண்ணம் மட்டும் மேசையில் இல்லை. "இனிக்குது எண்டு விசத்தை ஊத்திக் குடுத்தவங்கள். குடுத்தவனுக்கும் தெரியாது, குடிச்சவனுக்கும் தெரியாது. எங்கட ஆக்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை." ரீச்சர் எதையும் விழுங்கவில்லை. கரண்டி நுனியால் நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினார்.

நாலாவது கிண்ணத்தில் முக்கால்வாசி தண்ணீர். "இதுதான் விசயம்," என்றார். கிரேக்கர்கள் வைனை எப்போதும் தண்ணீர் கலந்தே குடித்தார்களாம். கலக்காமல் குடிப்பவன் அவர்களுக்குக் காட்டுமிராண்டி. விருந்தில் ஒருவரைத் தலைவராக்குவார்கள். எவ்வளவு தண்ணீர், எத்தனை சுற்று என்பதை அவர் தீர்மானிப்பார். அவரும் சில நாள் வெறித்து விழுந்திருப்பார், அதையும் ரீச்சர் மறைக்கவில்லை. "ஆனா போதும் எண்டு சொல்லுறதுக்கு எண்டு ஒரு ஆள் இருந்தவர், தம்பி. அதுக்கெண்டே ஒரு ஆள்."

என் மனைவி அவருடைய கையைப் பிடித்தாள். ரீச்சரின் கணவர் எப்படிச் செத்தார் என்று ஊருக்கே தெரியும். வெள்ளி பின்னேரம் தொடங்கி ஞாயிறு வரை நண்பர்களின் வீட்டு நிலவறைகளில் குடித்துக்கொண்டிருப்பார். ஈரல் பழுதாகி, ஐம்பத்திரண்டு வயதில் போனார். அவருடைய நினைவு மலரில் 'திடீர்ச் சுகவீனம்' என்று இருந்தது. அந்த மலரும் நான் செய்ததே. ஆறு வருடம் நீடித்த திடீர்ச் சுகவீனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ரீச்சர் சங்க மலருக்குக் கட்டுரை எழுதினார். 'பழங்காலத்தார் மது அருந்திய விதம்'. ஒன்பது தாள்கள். பிசின், கடல்நீர், தேன், மிளகு, ஈயம், தண்ணீர் எல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசித் தாளில் நாலே வரிகளில் தன் வீட்டுக்கு வந்திருந்தார். எட்டுத் தாள்களையும் அந்த நாலு வரிக்காகவே அவர் எழுதினார் என்பது வாசித்த எவருக்கும் விளங்கும்.

மலர்க் குழு கூடியது. "கோயில் ஆக்களும் வாசிப்பினம். அதுவும் ஒரு பொம்பிளை எழுதினது. மது எண்டு வாற இடமெல்லாம் பழச்சாறு எண்டு போட்டுவிடும்," என்றார் தலைவர். ஒருவரும் மறுக்கவில்லை. இதைச் சொன்னவர்கள் யார் தெரியுமா? பொதுக்கூட்டம் முடிந்ததும் கார் டிக்கியைத் திறந்து பிளாஸ்டிக் கோப்பைகளைப் பரப்புகிறவர்கள். மலர் வெளியீட்டுக்கு மண்டபம் எடுக்கும்போது, பார் இருக்கிறதா என்று முதலில் விசாரித்தவர்கள். போத்தல் இருக்கலாம், அதன் பெயர் மட்டும் மலரில் வரக்கூடாது. இந்தப் புனிதத்தைக் காப்பாற்றத்தான் எட்டுப் பேர் தேநீர் குடித்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் இருந்தோம்.

மாற்றியது நான். கணினியில் ஒரு சொல்லைத் தேடி இன்னொன்றாக மாற்ற ஒரு நொடி போதும். ஆனால் வேற்றுமை உருபுகள் எல்லா இடத்திலும் பிழைத்துப்போயின. ஆகவே ஒவ்வொரு வசனமாகப் போய்க் கையால் திருத்தினேன். வாசிக்காமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. தண்ணீர் கலக்காமல் பழச்சாறு குடிப்பவனைக் கிரேக்கர்கள் காட்டுமிராண்டி என்றார்கள் என்று வாசித்தேன். 'என் கணவரைக் கொன்றது பழச்சாறு' என்று வாசித்தேன். வாசித்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

வெளியீட்டன்று மண்டபம் சிரித்தது. யாரோ அந்த வரியைப் பெரிதாக வாசிக்க, பாரின் பக்கத்திலிருந்து, "அப்ப நாங்கள் தப்பீட்டம்," என்று ஒரு குரல் வந்தது. ரீச்சர் மலரை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீர் வாசிச்சனீரோ?"

"ஓம் ரீச்சர்."

"வாசிச்சிட்டோ செய்தனீர்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. அன்றிலிருந்து ஒரு வரிகூட எழுதவுமில்லை. கலியாண வீடுகளில் 'சாறு அன்ரி' என்று முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். அவருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்கள். நான் ஒருநாளும் தொலைபேசியை எடுத்து மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கலாம், கேட்கலாம் என்று நாலு வருடம் ஓடிவிட்டது. தலைவர் மீது எனக்குள்ள கோபத்தை நீங்கள் அளந்தால், இதையும் அதே கோலால் அளந்து பாருங்கள்.

போன கிழமை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு மலருக்காக ஒஷாவாவில் ரீச்சரின் மகள் யாழினியின் வீட்டுக்குப் போனேன். அந்தக் கட்டுரையைத் தாயார் எழுதியபடியே தட்டச்சுச் செய்து கொண்டுபோயிருந்தேன். அவள் கடைசிப் பக்கத்தை இரண்டு தரம் வாசித்தாள்.

"அங்கிள், அப்பாவின்ர ஃபிரண்ட்ஸ் எல்லாம் வருவினம். தலைவர் அங்கிளும் ஃபோன் எடுத்தவர். இதைச் சுகவீனம் எண்டு போடுவமா?"

"பிள்ளை, ஒருக்கா மாத்தினனான். திருப்பி என்ர கையால ஏலாது. மாத்தத்தான் வேணுமெண்டால் வேற ஆளைப் பாருங்கோ."

அவள் தாளை மேசையில் வைத்து விரலால் நீவினாள். "அம்மா உங்களை ஒருநாளும் ஏசினதில்லை, அங்கிள். ஆனா அதுக்குப் பிறகு உங்கட பேரைச் சொன்னதும் இல்லை." பிறகு பேனையை எடுத்து, சம்மதம் என்பதற்கு அடையாளமாக மூலையில் கையெழுத்து வைத்தாள். "லீவ் இற். அம்மா எழுதினபடியே இருக்கட்டும்."

எனக்கென்று ரீச்சரிடமிருந்து எஞ்சியிருப்பவை அந்த ஒன்பது தாள்கள்தான். திருப்பித் தா என்று அவர் கேட்கவில்லை, கொண்டுபோய்க் கொடுக்க எனக்கு முகமில்லை. ஒன்பதாவது தாளில் இப்படி இருக்கிறது: 'என் கணவரைக் கொன்றது மது. அவர் தனியே குடித்தவரல்லர். ஊற்றிக் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் என் வீட்டில் சோறு போட்டிருக்கிறேன். அவர்களில் ஒருவராவது போதும் என்று சொல்லியிருக்கலாம்.'

முப்பத்தோராம் நாள் மண்டபத்துக்கு அவர்கள் எல்லாரும் வருவார்கள். மலரை வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கப்போகிறவன் நான்.