கம்பத்துக்கு வந்த கயாக்

கம்பத்திலிருந்து கடலுக்குப் பஸ்ஸில் போனால் ஒரு பகல் முழுக்க ஓடிவிடும். அது தெரிந்தும் என் தாய்மாமா ஒரு கடல் படகை லாரியில் ஏற்றிவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். கயாக்காம். ஒரே ஆள் உட்காருகிற படகுக்கு இத்தனை நீளமா! மூக்கு அடுப்படியில், வால் தெருவில். பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில் அதைத் தாண்டித் தாண்டி என் முழங்காலெல்லாம் காயம்.

மாமா ராமநாதபுரம் பக்கம் சுற்றுலா வருகிறவர்களுக்குப் படகு விடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போட்டிருந்த லீவு முடிகிறவரை கண்மாயில் பழகிவிட்டு, பிறகு கடலில் தனியாகத் தீவு தீவாகப் போகப்போகிறாராம்.

"மாப்ள, கடலு எங்கன இருக்கு, நீ இத எங்கன கொண்டாந்து போட்டிருக்க?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

சோற்றில் கை வைத்தால் போதும், மாமா கதையை ஆரம்பித்துவிடுவார். பனி நாட்டு வேட்டைக்காரர்கள் எலும்பிலும் மரத்திலும் சட்டம் கட்டி, சீல் என்கிற கடல் விலங்கின் தோலைப் போர்த்திச் செய்த படகாம். தோலைத் தைப்பது வீட்டுப் பெண்களாம்.

"அவளுகளுக்கென்ன கிறுக்கா? தச்சும் குடுத்து, அனுப்பியும் வைக்கிறாளுகளாக்கும்!" என்றாள் அம்மா.

மாமா காதில் வாங்கவே இல்லை. "கடலு மேல போறதில்லக்கா. இடுப்பு வரைக்கும் கடலுக்குள்ளயே உக்காந்திருக்கிற மாதிரி. அது மூச்சு விடுறது நமக்குக் கேக்கும்."

கண்மாயில் பாதி ஊர் செல்போனைத் தூக்கிக்கொண்டு நின்றது. மிதக்கும் சட்டை போட்டிருந்த மாமா துடுப்போடு சட்டென்று தலைகீழாகக் கவிழ்ந்தார். படகின் அடிப்பக்கம் மட்டும் தெரிந்தது. "ஐயோ, என் தம்பி!" என்று அம்மா சேலையோடு தண்ணீரில் இறங்கிவிட்டாள். மாமா மறுபக்கமாக நிமிர்ந்து வந்து சிரித்தார். குளிர்ந்த கடலில் உயிர் பிழைக்க அந்த வேட்டைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தையாம். அம்மா நனைந்த சேலையைப் பிழிந்துகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மாமா கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, அம்மா படகை வாசலுக்கு இழுத்துப்போட்டு, அடுப்பில் ஒரு கம்பியைக் காய்ச்சி எடுத்தாள். பழைய பிளாஸ்டிக் வாளியில் செடி வைக்க எங்கள் பக்கம் அப்படித்தான் ஓட்டை போடுவார்கள். மாமாவின் படகும் பிளாஸ்டிக்தானே, அடியில் வரிசையாகப் பொத்தல். உட்காருகிற குழி நிறைய மண்ணும் எருவும். அதில் கத்தரி நாற்று. எங்கள் திராட்சைத் தோட்டம் அத்தனை பெரிசாகக் கிடக்கிறது, கத்தரிக்கு அங்கே இடமா இல்லை? நல்ல படகைக் கெடுத்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாமா வந்து பார்த்தார். ஒரு குடம் தண்ணீர் மொண்டுவந்து நாற்றுக்கு ஊற்றினார். லீவு முடியுமுன்பே, மறுநாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் போக மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அம்மா பஸ்ஸின் ஜன்னல் கம்பியை விடவில்லை. "ஏலே, அந்த மெதக்குற சட்டைய மட்டும் கழத்திராதடா."

பஸ் போன பிறகும் அழுதுகொண்டே வந்தாள். படகுதான் பொத்தலாகி வாசலில் கிடக்கிறதே, இன்னும் எதற்கு இந்த அழுகை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கடற்கரையில் படகுக்குப் பஞ்சமில்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.